சம்பந்தி வீட்டாருக்கு நான் காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

புதிதாக உத்தியோகம் கிடைத்தவனை முதல் ஆறு மாதத்துக்கு வீட்டு விசேஷம் எதிலும் சேர்க்கக் கூடாது. சாப்பாடு போட்டு ஓரமாக உட்கார வைத்துவிட வேண்டும். இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். உண்மையில் அதிகம் அனுபவப்பட்டவர்கள் மாரண்டஹள்ளிப் பக்கத்தைச் சேர்ந்த பதினான்கு பேர். அவர்கள் பட்டதைப் பார்த்தால் நான் பட்டது ஒன்றுமே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் சுகாதார இன்ஸ்பெக்டர் படிப்பை முடித்து, பாலக்கோடு தாலுக்காவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெயர் ஆரோக்கியசாமி. (ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பிற்பாடு நடந்ததை வைத்து அதைக் கேலி செய்யக் கூடாது.) சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை எட்டிப் பார்ப்பது, பிளீச்சிங் பவுடர் போடுவது, காலரா ஊசி குத்துவது, பள்ளிக்கூடங்களில் ஈயின் படத்தை மாட்டிப் பேசுவது, இதுதான் வேலை. ஈ முதலில் எங்கே உட்காருகிறது, பிறகு அதே காலோடு எங்கே வந்து உட்காருகிறது என்பதை நான் விவரமாகச் சொல்வேன். ஒரு பள்ளியில் பிள்ளைகள் அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று புகார் வந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படிப் பேசப் போன இடத்தில்தான் வாத்தியார் அருளப்பனைப் பார்த்தேன். மாரண்டஹள்ளி தாண்டி ஒரு சின்ன ஊர். எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், காடு கழனி உண்டு. அவருக்கு அப்பா இல்லை, பெரியப்பா சவரிமுத்து வைத்ததுதான் சட்டம். என் அக்கா ரோசலிக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று வரன்கள் வந்து, பலகாரம் சாப்பிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எங்கள் அப்பா இதைப் பற்றி மனிதர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மாடுகளிடம் பேசத் தொடங்கியிருந்தார். நான்தான் அருளப்பனிடம் பேச்செடுத்தேன், நான்தான் போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆகவே அந்தச் சம்பந்தம் முழுக்க என் கைங்கரியம். கெட்டால் அதுவும் என் கைங்கரியமாகவே இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம், அடுத்து வரும் ஞாயிறு கோயிலில் முதல் ஓலை என்று முடிவாயிற்று. (கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.)

எங்கள் வீடு அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில். ஐப்பசி மழை பத்து நாளாக விட்டு விட்டுப் பெய்திருந்தது. எங்கள் மாட்டுக்கொட்டகை மேட்டில் இருக்கிறது, கிணறு பள்ளத்தில் இருக்கிறது, கிணற்றின் சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. வீட்டில் கக்கூஸ் கிடையாது. ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. மழை பெய்தால் மேட்டில் இருக்கிற எல்லாம் தண்ணீரோடு எங்கே இறங்கும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மார்க்கே வாங்கியிருந்தேன். பிளீச்சிங் பவுடர் கேட்டு ஆபீசுக்கு எழுதியிருந்தேன், வரவில்லை. எனவே செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து இறங்கியதும் அறிவித்தேன்.

"நாளைக்கு இந்த வூட்ல பச்சத் தண்ணி யாரு வாய்க்கும் போகக் கூடாது. எல்லாம் காய்ச்சித்தான் குடுக்கணும்."

சமையல் பொறுப்பு எங்கள் சித்தி மரியம்மாவுடையது. "முப்பது பேருக்கும் காய்ச்சறதா? வெறகுக்கு எங்கடா போறது?" என்றார்.

"வெறகு பெருசா, உயிர் பெருசா சித்தி?"

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் விறகுதான் பெரிது என்று இருந்தது.

புதன்கிழமை காலையில் என் ஆட்சி. சமையல் செய்ய வந்த பெண்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து நகம் பார்த்தேன். (அதில் இரண்டு பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்.) சோற்றுக்கும் குழம்புக்கும் வெள்ளைத் துணி போட்டு மூடினேன். கைகழுவும் இடத்தில் சோப்பு வைத்தேன். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக இருபது நிமிஷம் அங்கேயே நின்றேன். கொதிக்கிற தண்ணீரைக் காவல் காத்த ஒரே மனிதன் தர்மபுரி ஜில்லாவில் அன்று நானாகத்தான் இருப்பேன். அந்த இருபது நிமிஷத்தில் ஒரு கிருமிகூடத் தப்பியிருக்காது, அது சத்தியம்.

உச்சி வெயிலில் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார்கள். பாய் விரித்து உட்கார வைத்து, முதல் மரியாதையாக சவரிமுத்துப் பெரியப்பா கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தோம். வாங்கினார். சட்டென்று கீழே வைத்துவிட்டு விரலை உதறினார்.

"என்னங்க இது, பிசிநீரு?" (அந்தப் பக்கத்துப் பேச்சில் கன்னடம் கலந்திருக்கும். வெந்நீரைச் சொன்னார்.) "நாங்க என்ன காச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்திருக்கமா? இல்ல, புள்ள பெத்த வூட்டுக்காரங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் வெந்நீர் குடிப்பவர்கள் இரண்டே வகை, காய்ச்சல்காரரும் பிள்ளை பெற்றவளும். நிச்சயத்துக்கு வந்த சம்பந்திக்கு வெந்நீர் கொடுப்பதென்றால், உங்கள் பையனுக்கு ஏதோ சீக்கு என்று சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். படிப்பு முடித்த பிறகு மறந்துபோயிருந்தது.

நான் முன்னால் போய், "பெரிப்பா, தண்ணில கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஓ, எங்களுக்குக் கண்ணுந் தெரியாதா?" என்றார் அவர். தன் ஆள் ஒருவரை ரோட்டுக் கடைக்கு அனுப்பி, கோலி சோடா வாங்கி வரச் சொன்னார். அன்று முழுக்க அவர் எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு குடிக்கவில்லை. சோடாவை மட்டும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குடித்தார்.

அப்பா என்னை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "டேய், மூணு எடம் போச்சு. நாலாவதையும் நீயே காய்ச்சி ஊத்திடாத. ஏதாவது பண்ணு." எனக்குப் பயமாகிவிட்டது.

சித்திதான் வழி சொன்னார். "சூடுதானடா அவங்களுக்குக் கொறை? வெளாவிட்டாப் போச்சு."

வெளாவுவது என்றால், குளிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதமாக்குகிறோமே, அது. எங்கள் வீட்டில் வெந்நீர் என்று ஒன்று கொதித்தால் அடுத்து அதை வெளாவத்தான் வேண்டும். கை தானாகப் போகும். சித்தி கிணற்றில் சேந்திய குடத்தைச் சாய்த்து அண்டாவில் ஊற்றினார். நான் சோப்புப் போட்டுக் கழுவிய விரலை விட்டுப் பார்த்தேன். "இன்னும் சுடுது சித்தி, இன்னொரு கொடம்" என்றேன். இன்னொரு குடம் ஊற்றினார். மூன்றாவது குடத்துக்குத் தண்ணீர் பதமாகிவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி. விஞ்ஞானமும் கெடவில்லை, சம்பந்தி வீட்டார் இனிக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாப்பாடு முடிகிறவரை ஆள் ஆளாகப் போய், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க, காய்ச்சினது" என்று உபசரித்தேன். மரியாதைக்காக எல்லோரும் குடித்தார்கள். மாப்பிள்ளை அருளப்பன் என் மேல் உள்ள பிரியத்தால் மூன்று டம்ளர் குடித்தார். உபசரிக்கிற மும்முரத்தில் நான்தான் குடிக்க மறந்துவிட்டேன்.

தாம்பூலம் மாற்றினார்கள். மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் டாக்டர் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். "மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல நேத்து ராத்திரிலேருந்து வயித்துப்போக்கு. பத்துப் பேருக்கு மேல. நான் மருந்தோட பின்னாடி வர்றேன். நீங்க முன்னாடி போய் எங்கேருந்து வந்ததுன்னு பாருங்க" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னார். அருளப்பனின் ஊர்.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம் சம்பந்தி ஊருக்கு நாமே போய் உதவப்போகிறோம், மதிப்பு எப்படி உயரும் என்றுதான் தோன்றியது. பிளீச்சிங் பவுடர் வேறு அன்றைக்கென்று வந்து சேர்ந்திருந்தது. சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் அவர்கள் கிணற்றைத்தான் முதலில் பார்த்தேன். ஒருத்தர் பக்கத்திலேயே மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்ட சந்தோஷம் எனக்கு. கிணற்று மேட்டில் ஏறி நின்று கால் மணி நேரம் பேசினேன். மலம் தண்ணீருக்குப் போகிறது, தண்ணீர் வாய்க்குப் போகிறது, கழுவாத கை சோற்றுக்குப் போகிறது, ஈ எல்லாவற்றுக்கும் போகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு பவுடரைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினேன். அந்த வாசனைக்குப் பயந்து அன்று சாயந்திரம் வரை யாரும் குடத்தோடு வரவில்லை.

அதற்கப்புறம்தான் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெயர், வயது, எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தண்ணீர் குடித்தீர்கள். முதல் வீட்டில் கட்டிலில் கிடந்த அம்மாள் தலையைத் தூக்கி, "எங்கேங்க குடிச்சோம், உங்க வூட்லதான்" என்றார். எழுதிக்கொண்டேன். இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் மூன்று பேர் படுத்திருந்தார்கள், மூன்று பேரும் நிச்சயத்துக்கு வந்தவர்கள். நிச்சயத்துக்கு வராத பக்கத்து வீட்டில் எல்லோரும் கல்லு மாதிரி இருந்தார்கள். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு. ஏழாவது வீட்டுக்குப் போகும்போது என் பென்சில் மெதுவாக ஓடியது. அங்கே அருளப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் குழிந்துபோயிருந்தது. நான்தான் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "வாங்க மச்சான்" என்று சொல்லப் பார்த்தார். "வா..." என்றதோடு கொல்லைப் பக்கம் ஓடினார்.

வாசலில் சவரிமுத்துப் பெரியப்பா நின்றார். மனிதர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு திடகாத்திரமாக இருந்தார்.

"கெணத்துலதான் கோளாறுங்க பெரிப்பா. மருந்து போட்டுட்டேன்" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உங்க வூட்டுக்கு வந்தவங்க இருபது பேரு. அதுல படுத்தவங்க பதினாலு. இந்த ஊர்க் கெணத்துத் தண்ணியத்தான் நானும் குடிக்கறேன். உங்க வூட்ல சோறு தின்னேன், கொழம்பு தின்னேன், பாயசம் ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். குடிக்காதது உங்க தண்ணி ஒண்ணுதான். நான் நிக்கறேன், அவனுங்க படுத்திருக்கறானுங்க. இதக் கண்டுபிடிக்கப் படிப்பு வேணுமாங்க?"

"பெரிப்பா, அந்தத் தண்ணியில வாய்ப்பே இல்லைங்க. இருபது நிமிஷம் கொதிக்க வெச்சேன். வாச்சப் பாத்துக்கிட்டே நின்னேன்."

"கொதிச்ச தண்ணி அப்புறம் எப்படி வெதுவெதுன்னு வந்துச்சு?"

"அது நீங்க சுடுதுன்னு சொன்னதால வெளாவி..."

அந்தச் சொல் என் வாயிலேயே நின்றுவிட்டது.

"எதுல வெளாவினீங்க?"

"கெணத்துத் தண்ணி."

"காய்ச்சின கெணத்துத் தண்ணியா?"

பரீட்சையில் மார்க் வாங்கிய அந்தப் படம் ஞாபகம் வந்தது. கொட்டகை, அம்புக்குறி, கிணறு. அந்த அம்புக்குறியைக் கிணற்றிலிருந்து அண்டாவுக்கு, அண்டாவிலிருந்து சம்பந்தி வாய்க்கு நானே கையால் இழுத்துவிட்டிருந்தேன். விரலை விட்டுப் பதமும் பார்த்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

"நாளைக்கு உங்கப்பாவப் பாக்க வர்றோம்" என்றார் பெரியப்பா. "ஓலை வாசிக்கறதுக்கு முன்ன நேர்ல சொல்லிடறதுதான் மரியாதை." சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானம் டாக்டர் வந்தார். எல்லோருக்கும் மருந்து கொடுத்து, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார். போகிற தண்ணீருக்கு ஈடாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால்தான் ஆபத்து என்றார். உயிர் ஒன்றும் போகவில்லை. பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். நோய் தோன்றிய இடம் என்ற கட்டத்தில் ஒரு விலாசம் இருந்தது. கிணறு யாருடையது என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

"யாரு இந்த சின்னப்பன்?"

"எங்கப்பா சார்."

டாக்டர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "மீதி பவுடர் இருக்கில்ல? அதை வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் பெரியப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அருளப்பன். நீ வரவேண்டாம் என்று பெரியப்பா சொல்லியும் அவர் கேட்காமல் வந்திருந்தார். வழியில் இரண்டு தடவை கண்டக்டரைக் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தினோம். மூன்றாவது தடவை கண்டக்டரே எங்கள் முகத்தைப் பார்த்து விசில் ஊதிவிட்டார். அருளப்பன் புதருக்குப் பின்னால் போயிருக்கும்போது, இந்த நல்ல மனிதனையா அக்காவிடமிருந்து பிடுங்கினோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா எழுந்து கும்பிட்டார். அவர் முகமும் சுண்டியிருந்தது. இரண்டு நாளாகக் கடலைக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பெரியப்பா உட்காரவில்லை. "சின்னப்பன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இந்தச் சம்பந்தம்..." என்று தொடங்கினார்.

அருளப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மன்னிச்சுக்கங்க... பின்னால எந்தப் பக்கம் போறது?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைப் பக்கம் வேகமாக நடந்தார்.

உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள். "அந்தப் பக்கம் போகாதீங்க! அது மேடு, கெணத்துக்குத்தான் வந்து சேரும். வேலிக்கு அந்தாண்ட குழி வெட்டி வெச்சிருக்கறேன், மண்வெட்டியும் அங்கயே இருக்குது. மண்ணத் தள்ளிடுங்க."

சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அருளப்பன் திசை மாறி ஓடினார்.

திரும்பி வந்தவருக்கு அக்கா சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டிலும் எல்லோரும் படுத்து எழுந்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே பலத்தைக் கூட்டி அந்தக் குழியை வெட்டியிருக்கிறாள். அருளப்பன் கையைக் கழுவிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்களுக்குமா?"

அக்கா தலையாட்டினாள்.

"எத்தன தடவ?"

"நேத்து ஒம்பது."

"எனக்குப் பதினொண்ணு" என்றார் அருளப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

அக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா உள்ளே போய் மூடியிருந்த ஒரு பானையைத் தூக்கி வந்து, சொம்பில் சாய்த்துக் கொடுத்தாள். "காய்ச்சினதுங்க. காய்ச்சின பானையிலயே மூடி வெச்சு, அதுவா ஆறினது. ஒரு சொட்டு வேற தண்ணி சேக்கல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே நெனச்சன்டா, பச்சத் தண்ணிய ஊத்தினா அது மறுபடியும் பச்சத் தண்ணிதானேன்னு. நீ சர்ட்டிபிகேட் வாங்கினவனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்."

பெரியப்பா இதையெல்லாம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். உறவு வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு சொம்பு குடும்மா" என்றார். "இந்த வூட்ல விவரம் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

முழுச் சொம்பையும் குடித்தார். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைக்கிற மாதிரி. நான் பவுடரை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய், அங்கே தனியாக நின்று அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை.

நான் முப்பது வருஷம் அதே இலாகாவில் வேலை பார்த்து, பதவி உயர்ந்து, ஜில்லா முழுக்கத் தண்ணீரைப் பற்றிப் பேசி ஓய்வு பெற்றுவிட்டேன். அதெல்லாம் எங்கள் குடும்பத்தில் செல்லாது. எந்தக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்றாலும் இரண்டு நாள் முன்னால் என்னை அழைத்துப்போய், விசேஷத்துக்கு வைத்திருக்கிற தண்ணீரில் மூன்று டம்ளர் குடிக்க வைக்கிறார்கள். மறுநாள் காலை என் அக்கா போன் செய்வாள். சௌக்கியமா என்று கேட்க மாட்டாள். "எத்தன தடவ?" என்பாள். நான் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டுகிறார்கள்.